மாப்பிள்ளைக்கு என்ன கொடுப்பது

எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறந்து என் கடை மேசையின் மீது வைத்தார் பரிசாரகர். உள்ளே தோலுரித்து, உப்பிடாமல் வேகவைத்து, விரலால் பதமாக நசுக்கிய கொண்டைக்கடலை இருந்தது. மேலே ஒரு சொட்டு நெய்யும் விட்டிருந்தார்.

"மொதலாளி, மூணு நாளா இதத்தான் வைக்கிறேன். கிட்ட வருது, பாக்குது, திரும்பிக்குது. வேக்காடு பத்தலையா?" என்று கேட்டார்.

வேறொருவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். கோயில் மடைப்பள்ளியில் வாழ்நாள் முழுதும் நைவேத்தியம் சமைத்த மனிதர், உயிர் இரையை விழுங்கப் பிறந்த ஒரு மீனுக்கு, அதன் வாய்க்குப் பதமாகக் கடலையை வேகவைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். முந்தைய வாரம் வெண்பொங்கல். அதற்கு முந்தைய வாரம் தயிர்சாதம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடலைக்கும் பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் காரணமானவன் நான்தான்.

மாத்தளை நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் குறுக்குத் தெருவில் எனக்கு ஒரு வளர்ப்பு மீன் கடை இருந்தது. மீன்களைப் பற்றி எனக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்ததைவிடச் செத்துப்போன மீன்களிடம் கற்றதே அதிகம். ஆனாலும் விற்பனை என்று வரும்போது, தெரிந்ததையெல்லாம் வாங்குபவரிடம் சொல்லும் வழக்கம் அந்நாளில் என்னிடம் இருக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

பரிசாரகரின் மனைவி ஒருநாள் கடைக்கு வந்து, கருநிற உடலில் செம்மஞ்சள் கோடுகள் நெளியும் ஒரு குஞ்சைக் காட்டி விலை கேட்டார். கட்டைவிரல் நீளம்கூட இராது. ஆஸ்கார் இனம். "பெருசா வளருமா?" என்றார். "வளரும் அம்மா" என்றேன். எவ்வளவு வளரும், வளர்ந்தால் என்ன தின்னும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு தங்கமீன்களையும் சேர்த்து வாங்கிப் போனார். நான்கு மாதத்தில் திரும்பி வந்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "மொதலாளி, ஒங்க மீன் என் மீனு ரெண்டையும் முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது. நியாயமா இது?" என்றார்.

நான் வெட்கப்பட்டு, மீனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. "எங்க வீட்டுக்கு வந்த புள்ளைய எப்படித் திருப்பித் தாரது? பெரிய தொட்டியா ஒண்ணு குடுங்க" என்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்கு அடித் தொட்டி ஒன்றை வீட்டுக்கே கொண்டுபோய், முன்கூடத்து ஜன்னலோரம் வைத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியருகே வந்து அசையாமல் நின்று, உபசாரத்துக்குக் காத்திருப்பதுபோல் மேலும் கீழும் பார்க்குமாம். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயரிட்டார். "மாப்பிள்ளைக்கு இன்னைக்குக் கோவம்", "மாப்பிள்ளைக்குத் தண்ணி மாத்தணும்" என்று அவர் பேசுவதைக் கேட்ட அயலார் முதலில் குழம்பிப் போனார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அம்மா நோயில் விழுந்தார். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போடச் சொன்னார். கடைசி மாதங்களில் மனிதர் முகத்தைவிட அந்த மீனின் முகத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறைந்த பின் அந்த வீட்டில் மிஞ்சிய உயிர்கள் இரண்டு: கோயிலுக்குப் போய்வரும் பரிசாரகரும், அவர் வரும்வரை கண்ணாடியோரம் நிற்கும் மாப்பிள்ளையும்.

மனைவி வைத்துவிட்டுப் போன டின்னிலிருந்து காலையும் மாலையும் உருண்டைத் தீனியை எடுத்து அவர் போட்டு வந்தார். டின் காலியானதும் கடைக்கு வந்தார். புதிய டின்னைக் கையில் வாங்கியவர், அதை மூக்கருகே கொண்டுபோய், "இது என்ன மாவுல செஞ்சது?" என்று கேட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்வது என் வழக்கம் என்றேனே. "மீன்தூள்தான் ஐயா அதிகம். இறால் தூளும் இருக்கு" என்றேன்.

டின்னை மேசையில் மெதுவாக வைத்தார். தம் வலக்கையை விரித்து, அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் பார்த்தார். "இந்தக் கையாலதானே மொதலாளி சாமிக்கு வடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாளிலிருந்துதான் தயிர்சாதம் தொடங்கியது.

ஆகவே அந்தக் கடலை டப்பாவின் முன்னால் நான் எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும், முதன்முறையாக, கேளாமலே சொன்னேன். இவ்வகை மீனின் குடல் சோற்றுக்கும் பருப்புக்கும் அமைந்ததன்று. எப்போதாவது தோலுரித்த பட்டாணி ஒன்று கொடுத்தால் கெடுதியில்லை. அதையே சாப்பாடாக்கினால் வயிறு ஊதும், ஈரல் கொழுக்கும், நிறம் வெளிறும். அதற்கு வேண்டியது மீனின், இறாலின், புழுவின் சத்து. அவர் பொறுமையாகக் கேட்டார். இடுக்கியால் எடுத்துப் போடலாமே என்று நான் ஒரு வழி சொன்னபோது, "இடுக்கி புடிக்கிறது யாரு கை?" என்று கேட்டார். மீனை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, "அவ குடுக்காததை நான் எப்படிக் குடுப்பேன்?" என்றார். அந்த மனிதரின் சங்கடம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளுக்குள் இருந்தது. கொடுத்துவிடவும் முடியாது, ஊட்டவும் முடியாது.

அவ்விடத்தில் உதவிக்கு வந்தவர் மீன்கார நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் அழைப்போம். பரிசாரகரின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். பின்புறம் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர். தெரு முழுவதும் ஹாரன் அடித்துக்கொண்டு வருபவர், பரிசாரகரின் வாசலை நெருங்கும்போது மட்டும் விரலை எடுத்துவிடுவார். பெட்டியின் மீது ஈரச்சாக்கையும் இழுத்து மூடிக்கொள்வார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. மாப்பிள்ளை பட்டினி கிடக்கும் செய்தி என் வாயிலாக அவர் காதுக்குப் போனது.

"இதுக்குப் போயி ஐயா மனசக் கொழப்பிக்கிறாரே. ஜன்னலத் தொறந்து வெக்கச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாக்கிறேன்" என்றார்.

ஜன்னல் செய்தியை மட்டும் நான் போய்ச் சொன்னேன்; மற்றபடி அவர்கள் இருவருக்குமிடையே ஒரு சொல்லும் பேசப்படாமலே ஏற்பாடு நடந்தது. பரிசாரகர் காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது ஜன்னலின் ஒரு கதவைத் திறந்து, தொட்டியின் மூடியையும் விலக்கி வைத்துவிட்டுப் போவார். நானா வீட்டுக்குள் கால் வைக்காமல், வெளியே நின்றபடியே கையை நீட்டி உணவைப் போடுவார். மாலையில் சந்தித்துக்கொண்டால் இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். மாப்பிள்ளை நன்றாகத் தின்றது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. என்ன கொடுக்கிறார் என்று போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அது என் இரண்டாவது தவறு.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று நானாவே ஓடிவந்தார். போய்ப் பார்த்தேன். நெற்றியில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள். வயிறு வீங்கியிருந்தது. கழிவு வெண்ணூல்போல் தொங்கியது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

"நானா, என்ன போட்டீங்க?"

"கோழி ஈரல்தான் மொதலாளி. நம்மட வீட்டுல புள்ளைகளுக்கே சத்துன்னு குடுக்கிறதுதானே. மாட்டு இருதயம் இன்னும் நல்லம்னு ஒருத்தன் சென்னான். ஐயாட வீட்டுக்கு அத நான் கொண்டு போவனா?"

"ஈரல் மட்டுமா?"

நானா தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கெழமைக்கு உயிர் மீன். ரோட்டோரக் கான்ல, சாக்கடைத் தண்ணியில, சின்னச் சின்னதா ஓடிட்டு ஈக்குதே, அது. ஜும்ஆவுக்குப் போற நாள்தானே, அவனும் நல்லதாத் தின்னட்டுமேன்னு."

அன்போடு செய்த பிழையைத் திட்டுவதற்கு வாய் வருவதில்லை. இரண்டு வீட்டாரும் தங்கள் தங்கள் வீட்டில் எது உயர்ந்த உணவோ அதை அந்த மீனுக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் நெய்விட்ட கடலை, மற்றவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஈரல். கோழியின் கொழுப்பும் மாட்டின் கொழுப்பும் குளிர்ந்த இரத்தம் ஓடும் மீனின் உடலில் கரைவதில்லை. அது ஈரலைச் சுற்றிப் படிகிறது, மிச்சம் தண்ணீரைக் கெடுக்கிறது. சாக்கடை மீனோ தன் வயிற்றுப் புழுவையும் நோயையும் தின்னும் மீனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. கடையில் விற்கும் மலிவான உயிர் மீன்களிலும் அந்த ஆபத்து உண்டு. அவற்றில் சில வகைகளையே நாளும் கொடுத்தால் உடலுக்கு வேண்டிய ஒரு சத்து குறைந்துபோகும் என்றும் படித்திருந்தேன். இத்தனையும் தெரிந்த நான் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளையை ஒரு பெரிய வாளியில் போட்டு, நானாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் நான் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொண்டு, என் கடைக்குக் கொண்டுவந்தோம். தனித்தொட்டியில் விட்டு, நாள்தோறும் காற்பங்குத் தண்ணீரை மாற்றினேன். புழுவுக்கான மருந்தை அளந்து கொடுத்தேன். முதல் சில நாட்கள் உணவே கொடுக்காமல் வயிற்றுக்கு ஓய்வு விட்டேன்.

அதன்பின் அதற்கான சாப்பாட்டை ஒழுங்கு செய்தேன். வாய்க்கு ஏற்ற அளவான நல்ல உருண்டைத் தீனிதான் அன்றாட உணவு. வாரத்தில் இருநாள் அதற்குப் பதிலாக, மேலோடும் குடல்நரம்பும் நீக்கிய இறாலில் மீனின் கண்ணளவு துண்டுகள். இன்னொரு நாள் வில்கமுவ பக்கத்துக் குளத்து மீனின் சதை. அதை முள்ளெடுத்து, புழு முட்டைகள் சாகும்படி பல நாட்கள் உறைபெட்டியில் வைத்த பிறகே கொடுக்க வேண்டும். மருந்து அடிக்காத மிளகுத் தோட்டத்து மண்புழு கிடைத்தால், ஒருநாள் ஈரக் காகிதத்தில் வைத்து அதன் வயிற்று மண் போன பிறகு கொடுக்கலாம். பல்லேபொலவில் நானாவின் சம்பந்தி வீட்டுத் தோட்டம் அப்படிப்பட்டது. சில நிமிடங்களில் தின்னாததை வெளியே எடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் முழுப்பட்டினி. இதைக் கேட்டபோது மட்டும் பரிசாரகரின் முகம் மலர்ந்தது. "அப்ப வெள்ளிக்கிழமை வச்சுக்குவோம். எனக்கும் அன்னைக்கு விரதந்தான்" என்றார். நானா உடனே, "சரி, அப்ப நோன்பு மாசத்துக்கு என்னோட இருக்கட்டும்" என்றார். பரிசாரகர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

எல்லாம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் சாப்பிடவில்லை.

வயிறு வற்றியது, குழிகள் ஆறத் தொடங்கின, தண்ணீர் பளிங்காக இருந்தது. ஆனால் நான் போட்ட இறால் துண்டு அதன் மூக்கருகே இறங்கித் தரையில் கிடக்கும்; அது பார்க்காது. நானா போட்டாலும் அப்படியே. இடம் மாறிய ஆஸ்கார் சில நாள் முறுக்கிக்கொண்டு கிடப்பது இயல்புதான். பத்து நாட்களைத் தாண்டியபோது எனக்கே பயம் பிடித்தது. நோயில் மெலிந்த மீன் அதற்கு மேல் தாங்குவது கடினம்.

பரிசாரகர் தினமும் உச்சிக்காலப் பூசை முடிந்ததும் வருவார். தொட்டியின் முன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் வந்ததும் மூலையில் கிடக்கும் மீன் மெல்ல எழுந்து கண்ணாடிக்கு வரும். அவர் இடம் மாறி உட்கார்ந்தால் அதுவும் அந்தப் பக்கம் போகும். அவர் முன்னிலையில் நான் உணவைப் போட்டால் மட்டும் மறுபடியும் மூலைக்குப் போய்விடும். "ஒங்களத்தான் கேக்குது ஐயா" என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வரும். சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை.

பதினோராம் நாள் அவர் மீனைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"மொதலாளி, அந்தத் தீனி எதுல செஞ்சதுன்னு நான் கேட்டேனே. அவ எப்பவாச்சும் கேட்டிருக்காளா?"

கடையில் வேறு யாரும் இல்லை. எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் டின்னை வாங்கிய அன்றே அந்த அம்மா கேட்டார். மீன்தூள் என்றதும் டின்னைக் கீழே வைத்தார். சற்று நேரம் தம் கையைப் பார்த்தார். பின் மறுபடியும் எடுத்துக்கொண்டார். "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மொதலாளி. கேட்டாருன்னா என்னையும் மீனையும் சேர்த்துக் கோயில் கெணத்தடியில ஒக்கார வச்சுத் தண்ணி ஊத்துவாரு" என்று சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு முறை உணவு போட்ட பிறகும் மஞ்சள் தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் அடுப்பைத் தொட்டிருக்கிறார். அதையும் என்னிடம் அவரே சொல்லியிருந்தார். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வாங்கியவர் இப்போது இல்லை.

"கேட்டாங்க ஐயா" என்றேன். "மொத டின் வாங்கின அன்னைக்கே கேட்டாங்க. தெரிஞ்சுதான் போட்டாங்க."

"மஞ்ச வாசம் எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேக்கல" என்றார். முக்காலியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். எல்லா நாளும் அவர் அதை அப்படி நகர்த்தி வைப்பவர்தான். அன்று அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

இப்போது கடையை என் மருமகன் நடத்துகிறார். மீன் வளர்ப்பவர்கள் தொலைபேசியில் பார்த்துவிட்டே வருகிறார்கள். பெரிய மீன் சின்ன மீனைத் துரத்தி விழுங்குவதைப் படம் பிடிப்பதற்கென்றே உயிர் மீன் கேட்கிறவர்களும் உண்டு. நான் இருக்கும் நேரமாக இருந்தால் அவர்களை உட்காரவைத்துப் பேசாமல் விடமாட்டேன். வேட்டை மீன் குஞ்சு ஒன்றை வாங்குபவரிடம், அது எவ்வளவு வளரும், எதைத் தின்னும், எதைத் தின்னக்கூடாது, அந்த உணவு அவர் வீட்டுக்குள் போகக்கூடியதுதானா என்று எல்லாவற்றையும் அவர் கேளாமலே சொல்கிறேன். சிலர் வாங்காமல் போய்விடுகிறார்கள். மருமகனுக்கு அது பிடிப்பதில்லை. பரிசாரகர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளை அவருக்கு முன்பே, முதிர்ந்து, நோயில்லாமல் போய்ச் சேர்ந்தது. அவரைப் பற்றி யாராவது கேட்டால், அவருடைய சர்க்கரைப் பொங்கலைப் பற்றித்தான் ஊரார் சொல்வார்கள். நான் சொல்வது பன்னிரண்டாம் நாள் காலையை.

விடிந்தும் விடியாத நேரம். அன்று கடைக்குள்ளேயே படுத்திருந்தேன். கதவுப் பலகை தட்டப்பட்டது. திறந்தால் யாரோ ஒரு கிழவர் நிற்பதாகத்தான் முதலில் நினைத்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் அவரை நெற்றியில் திருநீறு இல்லாமல் பார்த்ததில்லை. இந்த நகரத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தலை கலைந்திருந்தது. முந்தின நாள் கட்டிய வேட்டி. கண்ணில் தூக்கம் ஒட்டியிருந்தது.

"இன்னும் குளிக்கல" என்றார் பரிசாரகர். "குளிச்சா இந்தக் கை சாமிக்குப் போயிரும். அதுக்கு முன்னால வந்துட்டேன். அந்த இறாலைக் குடுங்க."

நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து, நறுக்கி வைத்திருந்த துண்டொன்றை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். அவர் தட்டை வாங்கவில்லை. இரண்டு விரலால் துண்டை மட்டும் எடுத்தார். அது வழுக்கியது, மறுபடியும் எடுத்தார். தொட்டியருகே போய்ச் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, விரல் நுனி தண்ணீரைத் தொடும்வரை தாழ்த்தினார். மாப்பிள்ளை மூலையிலிருந்து எழுந்து வந்தது. அவர் கையைக் கீழிருந்து ஒரு கண்ணாலும், பின் திரும்பி மறுகண்ணாலும் பார்த்தது. பிறகு சட்டென்று மேலெழுந்து, தண்ணீர் அவர் முகத்தில் தெறிக்க, துண்டைப் பறித்துக்கொண்டு போயிற்று.

அவர் கையை வெளியே எடுக்கவில்லை. "இன்னொண்ணு" என்றார்.

மூன்று துண்டுகள் தின்றது. நான்காவதை நான் கொடுக்கவில்லை. பட்டினி கிடந்த வயிற்றுக்கு அது போதும் என்றேன். "சரி, சரி, நீங்க சொன்னா சரி" என்றார். பிறகுதான் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்காகவா அவ ஒளிச்சு ஒளிச்சுக் கை கழுவினா?"

குழாயைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். போய்க் குளிக்கத்தானே போகிறேன் என்றார். படியிறங்கி, அந்தக் கையை உடம்பில் படாமல் சற்று விலக்கிப் பிடித்தபடி, தெருவோரமாக நடந்தார். நாலடி போனவர் நின்று திரும்பினார்.

"மொதலாளி, அதுங்க முகம் பாத்துச் சாப்புடுமா, இல்ல கை பாத்தா?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

"எனக்கும் தெரியல. நாளைக்கு இதே நேரத்துக்கு வர்றேன். பலகையைத் தொறந்து வையுங்க."